அண்ணன் பெயருக்கு என் மகள் சொன்ன பதில்

1

இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஆவடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், இறந்துபோன என் அண்ணனின் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். பதினாறு வயதான என் மகள் கயல் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் யாரிடம் இதைச் சொன்னாலும், "எவ்வளவு அழகான வழக்கம்!" என்கிறார்கள். அழகாம். செத்தவர் பெயருக்கு உயிரோடு இருக்கிற பிள்ளை பதில் சொன்னால் பெற்றவள் வயிறு என்ன பாடுபடும் என்று அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ இருக்கிற ஒரு அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. எங்கள் அப்பா ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் திருநெல்வேலிக்காரர்கள், வலப்பக்கம் தர்மபுரிக்காரர்கள். புதிதாகச் செய்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அண்ணன் குமரன் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஓடுவான். நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். "வெளிய வாடி, அது நம்ம வண்டிதான்" என்று அம்மா கத்துவாள். நம்ம வண்டி என்றால் சத்தம் குறைந்துவிடுமா? பின்னால் அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது குவார்ட்டர்ஸில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

2

ஆரம்பித்தது இங்கேதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு நாள் விடிவதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் கடைத்தெரு முனையில் இருக்கும் போர் நினைவுத் தூணுக்கு முன்னால் கூடிவிடுவார்கள். பழைய ராணுவக்காரர்கள் கோட்டு நிறையப் பதக்கங்களோடு வருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒருவராக அவர்கள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வருவார்கள். இறந்துபோன ராணுவக்காரரின் வாரிசுகளும் அவருடைய பதக்கத்தைக் குத்திக்கொண்டு வரலாம். ஆனால் மார்பின் வலப்பக்கம்தான் குத்த வேண்டும். இடப்பக்கம், தானே பட்டாளத்தில் இருந்தவருக்கு மட்டும்.

கயலுக்கு அப்போது பதின்மூன்று வயது. உங்கள் குடும்பத்தில் யாராவது ராணுவத்தில் இருந்தார்களா என்று அவள் வகுப்பு ஆசிரியை என்னிடம் கேட்டார். நான் எங்கள் ஊர் இங்கிலீஷில் "மை பிரதர், பட் ஹி இஸ் லேட்" என்றேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, அவர் வரும்வரை நாங்கள் காத்திருக்கிறோம் என்றார். நானும் சிரித்துவைத்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னேன், அவர் என்ன புரிந்துகொண்டார் என்று உறைத்தது. காரில் உட்கார்ந்து அழுதேன்.

அதுவரை என் மகள் தன் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு ஆவடியே தெரியாது. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். சிரிப்பது, கோபிப்பது எல்லாம் இங்கிலீஷில். பசித்தால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்குக் காலையில் இறந்தவர் நினைவாக இங்கே எல்லோரும் அணியும் ரோஸ்மேரி இலைக் கொத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், "மாமா எப்படி செத்தாங்க?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? வடக்கே பனிமலையில் காவலில் இருந்தபோது சரிவு விழுந்து மூடிவிட்டது என்று சொன்னேன். சொல்லாமல் விட்டது நிறைய. செய்தி வந்த அன்று என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரமாக வேண்டும் என்று ஓடிப்போய்க் கேட்டால், பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்ட்டரில் இருந்த பெண் அண்ணனின் இறப்புச் சான்றிதழைக் கொண்டு வரச் சொன்னாள். உடம்பே இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை, சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்? "அப்படியானால் உடல் கிடைத்த பிறகு வாருங்கள்" என்றாள். கொடி போர்த்திய பெட்டி ஆவடிக்கு வந்ததையும், அண்ணி அதன் மேல் விழுந்ததையும் நான் என் வீட்டுக்காரர் போனில்தான் பார்த்தேன். நடுவில் சிக்னல் போய்ப் போய் வந்தது.

அதற்கப்புறம் கயல் பள்ளியில் ராணுவப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். சரி, உடற்பயிற்சிதானே என்று விட்டேன். போன வருஷம் ஒரு நாள் காலையில், நான் அவளுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்தபோது, பதினேழு முடிந்ததும் ராணுவத்தில் சேரப் போகிறேன் என்றாள். இந்த நாட்டில் பதினெட்டுக்குக் கீழே இருந்தால் அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "அப்பா போடறேன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"நான் செத்தாலும் போட மாட்டேன்" என்றேன்.

அவள் டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

3

அப்போது ஒரு திட்டம் போட்டேன். இங்கே ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது; அண்ணியைப் பார்க்க வைப்பது. பட்டாளத்துக்குப் போனவன் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பெண் தானாக மனம் மாறிவிடுவாள். பயம் தெரியாததால்தானே ஆடுகிறாள், பயத்தைக் காட்டிவிடுவோம் என்று நினைத்தேன்.

அண்ணி கலைவாணி முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீட்டில் தனியாக இருக்கிறார். அண்ணன் படித்த ஆவடிப் பள்ளிக்கூடத்தில்தான் அவருக்குத் தமிழாசிரியை வேலை. அந்தப் பள்ளியில் படித்துப் பட்டாளத்துக்குப் போய் உயிர்விட்டவர்கள் ஆறு பேர். அவர்களுக்காக ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு நினைவுக் கூட்டம் நடக்கும். அக்கம்பக்கத்தில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரை எல்லாம் அழைப்பார்கள். வகுப்பில் வருகை எடுக்கிற மாதிரி தலைமையாசிரியர் ஆறு பெயரையும் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அண்ணிதான்.

போய் இறங்கிய மறுநாள், கயல் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணியிடம் பேச்சை எடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கான கறுப்பு ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்கதான் இவகிட்ட பேசணும்."

"என்னன்னு பேச?"

"நீங்க பட்டதைச் சொல்லுங்க. கேட்டா பயந்துடுவா."

அண்ணி ரிப்பனைக் கீழே வைத்தார். "உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லாத பயமா சாந்தி? ஒவ்வொரு லீவுக்கும் சொல்வேன். 'நீ எனக்கும் சேர்த்துப் பயந்துக்கோ கலை, நான் நிம்மதியா போயிட்டு வரேன்'னு சிரிப்பாரு. லீவு முடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிடுவாரு. என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை."

"இவ சின்னப் பொண்ணு அண்ணி."

"வருஷா வருஷம் கூட்டம் முடிஞ்சதும் ரெண்டு பிள்ளைங்களாவது வந்து 'மிஸ், நானும் பட்டாளத்துக்குப் போறேன்'னு நிக்கும். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. நம்மதான் தூண்டிவிடறோமோன்னு இருக்கும்."

"அப்ப ஏன் அண்ணி இதை நடத்தறீங்க?"

"நடத்தலைன்னா அவர் பேரை யார் கூப்பிடுவா? மாலை போட்ட போட்டோவை நானா பேர் சொல்லிக் கூப்பிட முடியும்?"

பிறகு அவரே, "அதனாலதான் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கேன்" என்றார். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு பிள்ளையை ஒப்படைத்துவிடுவார். காலையில் அவர் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்து, கூட்டம் முடிந்ததும் கொண்டுபோய் விடுவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. "மேடையில பார்த்தா எல்லாருமே வீரர்தான். அவங்க வீட்டைப் பார்த்துட்டு வந்து பேசட்டும்னு விட்டுடுவேன். கயலுக்கு ஏழுமலை அண்ணனைக் கொடுத்திருக்கேன். உங்க அண்ணனோட ஒண்ணா இருந்தவர், வயசுல ரொம்ப மூத்தவர். கண்ணிவெடில ஒரு கால் போயிடுச்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மனிதருக்குக் கால் போனதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அண்ணி அடுத்ததாகச் சொன்னார். "உங்க அண்ணன் பேருக்கு இந்த வருஷம் கயல்தான் பதில் சொல்றா."

"ஐயோ வேண்டாம் அண்ணி! வேற பிள்ளை யாராவது சொல்லட்டும்."

"வேற பிள்ளைன்னா பரவால்லையா?" என்று கேட்டார் அண்ணி. கோபமாகக் கேட்கவில்லை. "அவளேதான் போன்ல கேட்டா. ஒரு மாசமா அந்த 'ள்'ளைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கா."

என் வீட்டில், என் கூரைக்கு அடியில், ஒரு மாதமாக இது நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

4

ஏழுமலை அண்ணன் வீடு பட்டாபிராமில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். கயலும் நானும் ஆட்டோவில் போய் இறங்கியபோது அவர் லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாத்தியிருந்தது. அதற்கு அப்போதே பாலிஷ் போட்ட ஷூ மாட்டியாகிவிட்டது.

"இன்னா பாப்பா, ஆஸ்திரேலியாலேர்ந்து என்னைக் கூட்டிக்கினு போவ வந்துகீறியா? ஏய் ராணி, ஏழுமலைக்கு வந்த வாழ்வைப் பாரு! காபி போடு."

நான் ஓரக்கண்ணால் கயலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் லுங்கியை முட்டிக்கு மேலே சுருட்டினார். முட்டிக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, தையல் போட்ட துணிப்பை மாதிரி கால் முடிந்திருந்தது. பார் பெண்ணே, நன்றாகப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கயல் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "வலிக்குமா தாத்தா?"

"கீற காலு சும்மாத்தான் கீது பாப்பா. இல்லாத காலுதான் வலிக்கும். சில நாளு அந்தக் கட்டை விரலு அரிக்கும் பாரு, எங்க போய்ச் சொறியறது? ஆனா ஒண்ணு, கொசுத் தொல்லை பாதி."

அவள் சிரித்தாள். அப்புறம் எந்தப் பட்டையை முதலில் கட்ட வேண்டும் என்று கேட்டு, அந்தக் காலை எடுத்து அவர் சொன்னபடி பொருத்திப் பட்டையை இழுத்துப் பிடித்தாள். "டைட்டா இருக்கா, லூஸா இருக்கா?" என்று செருப்புக் கடைப் பையன் மாதிரி கேட்டாள். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் திட்டம் என் கண்ணெதிரிலேயே கவிழ்ந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி ராணி அம்மா என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார். "யம்மா, பொண்ணாண்ட ஒண்ணு சொல்லிவை. வெடி சத்தம் மட்டும் அதுக்கு ஆவாது. தீவாளி வந்தா ஜன்னல்லாம் சாத்திக்கினு டிவிய சத்தமா வெச்சுக்குவோம். அப்பிடியும் கட்டிலுக்கு அடியில போய்டும். மத்தபடி தங்கமான மன்சன்."

கட்டிலுக்கு அடியில். அவர் மேல் எனக்கு அந்த நிமிஷம் ஒரு பாசம் வந்தது.

5

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். தை மாதப் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. செம்மண் ஈரமாக இருந்தது. பெரியவர்கள் இருபது பேர் போல முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு நின்றது. ஒரு பெரியவர் பக்கத்தில் நின்ற சிறுமியிடம் ரகசியமாக ஏதோ கேட்க, அவள் அவரைப் பள்ளிக் கழிப்பறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அதற்குள் தேசபக்திப் பாட்டு இரண்டு தடவை தவறாகப் போட்டு நிறுத்தப்பட்டது.

அண்ணி, அண்ணனின் பதக்கத்தைக் கயலிடம் கொடுத்தார். அவள் யாரும் சொல்லாமலே அதை வலப்பக்கம் குத்திக்கொண்டாள். "கரெக்ட்டு பாப்பா" என்று ஏழுமலை அண்ணன் தலையாட்டினார். நான் அவள் இடப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே சட்டைத் துணி மட்டும் இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

தலைமையாசிரியர் பெயர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் பெயருக்கு ஒரு பையன் குரல் உடைந்து பதில் சொன்னான். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு "உள்ளேன் ஐயா"வுக்கும் பின்வரிசையில் யாரோ ஒருவர் விசும்பினார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"குமரன்."

"உள்ளேன் ஐயா."

சுத்தமான 'ள்'. எங்கள் வீட்டில் சாம்பாரை 'நல்லா இர்க்கு' என்கிற பெண். "நூறு வயசு, நூறு வயசு, என் கண்ணுக்கு நூறு வயசு" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆறு பெயரும் முடிந்து மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் பறைச் சத்தம் கேட்டது. யாரோ ஒருவரின் சாவு ஊர்வலம். சென்னையில் இதெல்லாம் நேரம் பார்த்தா வரும்? ஆட்டம், பூ, பறை எல்லாம் நெருங்கி வந்தது. நாங்கள் தலை குனிந்து நின்றோம். மதிலுக்கு நேராக வந்ததும் சரவெடியைப் பற்ற வைத்தார்கள்.

முதல் வெடிக்கே நான் நாற்காலிக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. சின்னப் பிள்ளைகள் வீறிட்டார்கள். முன்வரிசையில் ஏழுமலை அண்ணன் நாற்காலியோடு சரிந்து மண்ணில் விழுந்து, இந்தியில் "படு, படு!" என்று ஆணையிடுகிற குரலில் கத்தினார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைத் தூக்கப் போனார்கள். அவர் கையை வீசித் தள்ளினார்.

கயல் அவரைத் தூக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் மண்ணில் குப்புறப் படுத்தாள். ஒரு கையை அவர் முதுகின் மேல் போட்டு, அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். சரவெடி விடாமல் வெடித்துக்கொண்டிருந்தது. நான் கிடந்த இடத்திலிருந்து நாற்காலிக் கால்களுக்கு நடுவே அவள் தெரிந்தாள். செம்மண்ணில் நீட்டிப் படுத்த உடம்பு. புகை. கன்னத்தில் மண். போனில் சிக்னல் இல்லாமல் விட்டுவிட்டுத் தெரிந்த அந்தப் பெட்டி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. "கயல்!" என்று கத்தினேன். சத்தம் வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி ஊர்வலத்தை நிறுத்தினார்கள். பறை நின்றது. இடுப்பில் துண்டு கட்டிய ஒரு ஆள் உள்ளே வந்து கும்பிட்டான். "மன்னிச்சுக்கோங்கபா, தெர்லபா. எங்க நைனாக்கு வெடின்னா உசுரு, அதான் கொஞ்சம் ஜாஸ்தியா..." என்று இழுத்தான். யாருக்கும் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

கயல் சொல்லிக்கொண்டிருந்தது பிறகுதான் எனக்குக் கேட்டது. "தாத்தா, இது பட்டாசு. இது ஆவடி. நான் கயல். தாத்தா, இது பட்டாசு. இது ஆவடி. நான் கயல்." அதே மூன்று வாக்கியம். அவர் கடைசியில், "தெரியுது பாப்பா, ஏந்திரிக்கலாம்" என்றார். அவள் அந்தக் காலின் பட்டையைச் சரிசெய்துவிட்டு அவரை எழுப்பினாள். அவர் சட்டை மண்ணைத் தட்டவில்லை. கேட்டுப் பக்கம் திரும்பி, வெளியே நின்ற அந்தப் பாடைக்கு ஒரு சல்யூட் அடித்தார். ஊர்வலம் சத்தமில்லாமல் நகர்ந்தது.

நாற்காலிக்கு அடியிலிருந்து அண்ணிதான் என்னைக் கைகொடுத்து வெளியே எடுத்தார்.

6

திரும்பி வருவதற்கு முன்னால் கயலை மாங்காட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே காமாட்சிக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பார்கள். ஆறு வாரம் இருக்க எனக்கு லீவு ஏது? முதல் வாரம் நான் வைப்பது, மீதி ஐந்து வாரம் எனக்காக அண்ணி வைப்பது என்று பேசிக்கொண்டோம். அம்மனிடம் இப்படித் தவணை சொல்லலாமா என்று தெரியவில்லை. வேறு வழி இல்லை.

வரிசை மெதுவாக நகர்ந்தது. கயல் கையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு நின்றாள். நான் இரண்டு நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"உனக்கு அன்னைக்குப் பயமாவே இல்லையாடி?"

"பயந்தேனே" என்றாள். "ரொம்ப. கால் ஷேக் ஆச்சு. நிக்க முடியல. அதான் படுத்தேன்."

நான் அவளைப் பார்த்தேன். பொய் சொல்லும்போது அவளுக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை.

"அப்ப ராணுவம் மட்டும் எப்படிடி? அங்க போனா?"

"அங்கயும் பயமா இருக்கும். இப்பவே பயமாத்தான் இருக்கும்மா. நைட்ல நினைச்சா ஸ்டமக் வலிக்கும்."

"அப்புறம் ஏன்டி போறே?"

அவள் யோசித்தாள். தமிழில் சொல்ல வார்த்தை தேடினாள் என்று தெரிந்தது. இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நீ கூட பயந்து பயந்துதானே ஆஸ்திரேலியா வந்தே? அப்பா சொன்னாங்க, பிளேன்ல நீ ஃபுல்லா அழுதேன்னு. ஆனா வந்தே இல்ல?"

பின்னால் நின்ற அம்மா, "நகருங்கம்மா" என்றார். நகர்ந்தோம்.

இந்தப் பெண்ணுக்குப் பயம் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். அவளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, என்னிடம் இருக்கிற அதே அளவு, என் வயிற்றில் வலிக்கிற அதே இடத்தில். வைத்துக்கொண்டே போகப் பார்க்கிறாள். இதற்கு மேல் நான் எதைக் காட்டி அவளை மிரட்டுவேன்? சந்நிதியில் பழத்தை நீட்டும்போது என்ன வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் போகக் கூடாது என்றா, போய்த் திரும்ப வேண்டும் என்றா? அர்ச்சகர் பழத்தை வாங்கிக்கொண்டார். நான் இரண்டையும் வேண்டாமல் வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

7

கயலுக்குப் பதினேழு முடிந்தது. கேக் வெட்டினோம், பாயசமும் வைத்தேன். அவள் என்னிடம் கையெழுத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வாரம் நானாகத்தான், "எந்த ஆபீஸுக்குப் போகணும்?" என்று கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வருஷக்கணக்காக அவள் அப்படிச் செய்ததில்லை. அந்தச் சந்தோஷத்துக்காகக் கேட்டுவிட்டேனோ என்று அப்போதே பயமாக இருந்தது.

ஆபீஸ் பளிச்சென்று இருந்தது. எங்கள் மேஜையில் இருந்தவன் சின்னப் பையன், ரொம்ப மரியாதை. என் வீட்டுக்காரர் ஒரு நொடியில் போட்டுவிட்டார். என் முறை வந்தது. நான் எப்போதும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். இங்கே எல்லாத் தாளிலும் அப்படித்தான். போட்டேன்.

அந்தப் பையன் என் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் பேனா முனையால் தொட்டு, இந்த வளைவு இங்கே இல்லையே, இந்தக் கோடு இப்படி நெளியவில்லையே என்றான். என் கை அவ்வளவு நடுங்கியிருந்தது. அவன் கயலையும் அவள் அப்பாவையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னான்.

கதவு மூடியதும் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பமில்லை என்றால் என்னிடம் சொன்னால் போதும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இப்போதைக்கு ஏற்க முடியாது என்று மட்டும் உங்கள் மகளிடம் சொல்வேன். நீங்கள் மறுத்ததாக அவளுக்குத் தெரியவே தெரியாது."

எத்தனை சாமியிடம் கேட்டிருப்பேன் இப்படி ஒரு வழியை. என் பேரும் கெடாது, பெண்ணும் வெறுக்க மாட்டாள். ஒரு தலையாட்டல் போதும்.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கயல் நின்றிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தாள். ஒரு கை மட்டும் பக்கவாட்டில் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வலிக்கிறது. யாருக்கும் தெரியாமல் அமுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

வேறு தாள் கேட்டேன். அவன் கொடுத்தான். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக என் பெயரை எழுதினேன்.

அவன் இரண்டையும் ஒத்துப் பார்த்தான். "இப்போது சரியாக இருக்கிறது" என்றான்.